கேட்கக் கூடாததைக் கேட்டது

புரட்டாசி 3, வியாழன்
காலையிலிருந்தே மேகமூட்டம். திராட்சைக்கு மருந்தடிக்க வேண்டும். அடிக்கவில்லை. மகளை ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போகும் நாள்.

தர்ஷினி, பத்தாம் வகுப்பு. ஒன்றரை மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பரீட்சை என்றால் கை நடுக்கம், மூச்சு முட்டல். பள்ளி வாசலில் இரண்டு தரம் மயக்கம்.

கவுன்சலிங் மேடம் உத்தமபாளையத்துப் பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. மூன்று வாரமாக ஒரு கேள்வி கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து கூழாங்கற்களை வைத்து இருவரும் சொட்டாங்கல் ஆட்டம். இதுக்கா பஸ் ஏறி வர்றோம் என்று எனக்குக் கடுப்பு.

இன்று தர்ஷினி பேசினாள்! வீட்டில் ‘ம்’ தவிர எதுவும் சொல்லாதவள். கவுன்சலிங் அறையில் திறந்த ஜன்னல். வெளியே ஓரமாக நின்றேன். நின்றிருக்கக் கூடாது.

“நான் மார்க் வாங்குனா அப்பா டீக்கடையில, கல்யாண வீட்டுல, திராட்சை எடுக்க வர்ற யாவாரிகிட்டன்னு எல்லார்ட்டயும் சொல்லுவாக. குறைஞ்சா அவுக மொகத்த எங்கன கொண்டுபோய் வைப்பாக, மேடம்? நெனச்சாலே கை நடுங்குது.”

சுருக்கென்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பஸ்ஸில் கேட்டேவிட்டேன். “ஏத்தா, நான் பெருமையாப் பேசுறதா ஒனக்குக் கஷ்டம்?”

முகம் வெளுத்துவிட்டது. “ஒட்டுக் கேட்டீகளா?”

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் இறங்கியதும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

புரட்டாசி 4, வெள்ளி
மருந்தடித்தேன். சாயங்காலம் மழை. எல்லாம் வீண்.

தர்ஷினி அறைக்கதவு சாத்தல். உள்ளிருந்து: “இனிமே அங்கன வரமாட்டேன். அங்க சொன்னாலும் ஒங்க காதுக்கு வந்துருது.”

வாய் திறந்த பிள்ளையை மறுபடி மூடவைத்தவன் நான். என்ன மனுஷன்!

புரட்டாசி 10, வியாழன்
தனியாகப் போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். மேடம் வாங்கு வாங்கென்று வாங்குவார் என்று பயம். அவரோ, “ஜன்னலச் சாத்தாம விட்டது என் தப்புண்ணே. அவட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்” என்றார்.

பதினைந்து வயதுப் பிள்ளையிடமா? வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புரட்டாசி 12, சனி
நல்ல வெயில். மேடம் வந்தார், என் வீட்டுக்காரியிடம் போனில் கேட்டுக்கொண்டு, லீவு நாளில், டவுன் பஸ்ஸில். சாத்திய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

“தர்ஷினி, நீ சொன்னது வெளிய கேட்டது என் கவனக்குறைவு. மன்னிச்சுக்கம்மா. கதவத் திறக்கணும்னு இல்ல.”

அவ்வளவுதான். காப்பி குடித்தார், போய்விட்டார். எவ்வளவு படிப்பு, எவ்வளவு பணிவு! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பிறகு நானும் அதே இடத்தில் உட்கார்ந்தேன். முட்டி வலி வேறு. “தப்புத்தான் ஆத்தா. மன்னிச்சிரு.” யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை.

மத்தியானம் கதவு திறந்தது. சாப்பிட்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

புரட்டாசி 17, வியாழன்
தூறல். தர்ஷினி கிளம்பி நின்றாள்! ஜி.எச். வாசலில் கட்டளை: “நீங்க அந்த வேப்பமரத்தடியில இருங்கப்பா. ஜன்னல் பக்கம் வராதீக.”

இருந்தேன். ஒரு மணி நேரம். நனைந்தும் நகரவில்லை.

திரும்பும்போது என்ன பேசினாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பஸ் கம்பம் டவுனைத் தாண்டியதும் அவளே: “அப்பா, திங்கக்கெழம ஸ்கூலுக்கு நீங்க வண்டியில கொண்டுவந்து விட வேணாம். நான் பஸ்ல போய்க்கிறேன்.”

சரி ஆத்தா என்றேன். கண்டக்டர் வந்து நின்றார். ஊர்ப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே சொல்லி டிக்கெட் வாங்கினாள்.