சொல்லாத ‘இல்லை’

அக்டோபர் 6
இன்று எழுபத்திரண்டு சீட்டுகள் பதிந்தேன். ஒரு தாள்கூட இடம் மாறவில்லை. சுகாதார நிலையத்தில் நோயாளிகளின் கோப்புகளைக் காப்பது நான் ஒருத்திதான். அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும்.

அக்டோபர் 11
என் வீட்டுக்காரரின் அண்ணன் சுதார்ஜோ வந்திருந்தார். ஊர்த்தலைவர் தேர்தலில் ஒருவருக்காக அலைகிறார். எதிர்த்து நிற்பது கிஸ்தியா அம்மா. வறுத்த சோயா டெம்பேயைக் கடித்துக்கொண்டே கேட்டார்: “கிஸ்தியாவுக்கு மூளைக் கோளாறாமே. மாத்திரை சாப்பிடுதாம். உன் அலமாரியில ஃபைல் இருக்குமே சுலஸ்த்ரி?”
“நிறைய ஃபைல் இருக்கு அண்ணே.”
“நம்ம குடும்பத்துக்குள்ள என்ன ரகசியம்?”
“இது நம்ம குடும்பத்து விஷயம் இல்லையே.”
பாதி டெம்பேயைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். போகும்போது சொன்னது: “டிசம்பர்ல உன் ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் வச்சுக்க.”

அக்டோபர் 12
அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா இல்லையா என்பதை இங்கேயும் எழுத மாட்டேன்.

அக்டோபர் 24
இன்றுதான் கஷ்டமான நாள். கிஸ்தியா அம்மாவின் மகள் நானிக் வந்தாள். கண் வீங்கியிருந்தது. சந்தையில் அம்மாவைப் பார்த்துத் தலையில் விரலைச் சுழற்றிக் காட்டுகிறார்களாம்.
“ஃபைல் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. அது போதும்.”
சொல்லவில்லை. இன்று ஒருவருக்கு ‘இல்லை’ என்றால், நாளை இன்னொருவருக்காக நான் வாயை மூடும்போது ஊர் அதை ‘ஆமாம்’ என்றுதானே எடுத்துக்கொள்ளும்?
“நீங்களும் அவங்க ஆளுதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.
நான் செய்தது சரியா? சரிதான். அப்புறம் ஏன் அவள் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்?

அக்டோபர் 25
இவரும் சேர்ந்துகொண்டார். “ரெண்டு பக்கமும் கெட்ட பேரு. ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையேன்.” தட்டுகளை எடுத்துக் கழுவப் போனேன்.

நவம்பர் 3
பள்ளி மைதானத்தில் கிஸ்தியா அம்மாவின் கூட்டம். ஓரமாக நின்று கேட்டேன். “என் உடம்பப் பத்தி நானும் டாக்டரும் பேசிக்குவோம். அந்தப் பொண்ணு சுலஸ்த்ரிய யாரும் தொல்லை பண்ணாதீங்க. உங்க பொண்டாட்டி சீட்டும் அவ அலமாரியிலதான் இருக்கு.” கூட்டம் சிரித்தது.

நவம்பர் 10
கிஸ்தியா அம்மா தோற்றுவிட்டார். பத்தொன்பது ஓட்டு வித்தியாசம்.
ஒரு ‘இல்லை’ பத்தொன்பது ஓட்டு பெறுமா?

நவம்பர் 13
சந்தையில் கிஸ்தியா அம்மாவே என் கையைப் பிடித்தார். “அடுத்த தடவை பார்த்துக்கலாம். நீ ஏன் தலையக் குனிஞ்சு நடக்கிற? நிமிர்ந்து நட.” பின்னால் நானிக், கூடையோடு. முகம் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டுக் கீரையை என் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

டிசம்பர் 15
மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரார் பெயரில் புகார்: நான் ஒத்துழைப்பதில்லையாம்.
“எதுக்கு ஒத்துழைக்கலை?” என்றார் அதிகாரி.
“மத்தவங்க கோப்பைக் கேட்டாங்க. கொடுக்கலை.”
புகாரை இன்னொரு முறை படித்தார். “இதை உங்க கோப்புலயே வைக்கிறேன். இதவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.” ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம். பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜனவரி 9
கதவு திறக்கும் முன்பே ஒருவர் நின்றிருந்தார். தொப்பி, முகக்கவசம். கூட்டம் வருவதற்குள் பதிந்துகொள்ள முடியுமா என்று கேட்டார். வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். நானே எழுதி, நானே டாக்டரிடம் கொண்டுபோனேன். பெயர் – வேண்டாம்.

ஜனவரி 14
மதியம் சாப்பிடும்போது இவர் சொன்னார்: “அண்ணன் உன்னைப் புகழ்றாரு. உன்ன மாதிரி ஒருத்தி அங்க இருக்கிறது ஊருக்கே நல்லதாம். மூணு மாசமா உன் பேரக் கேட்டாலே மூஞ்சியத் திருப்பினவரு. திடீர்னு என்ன ஆச்சு?”
“எனக்கு எப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.