மூன்றாவது அலமாரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் மூட்டு வலி தேவலையா?

பரம்பரை நோய்ப் பிரிவில் கோப்பு அடுக்குகிறேன் அல்லவா? பெற்றோரில் ஒருவர் தந்தாலே வருகிற நோய்கள் முதல் அலமாரி, இருவரும் தந்தால் மட்டும் வருபவை இரண்டாவது. நேற்று ஒன்றை இடம் மாற்றி வைத்து டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ரத்தம் உறையாத நோய் மூணாவதும்மா. அம்மாகிட்ட இருக்கும், அவங்களுக்கே தெரியாது. பையனுக்குத்தான் வெளிய வரும். பல்லு விழுந்தாக்கூட ரத்தம் நிக்காது."

அம்மாவோடு பிறந்த மாமாக்கள் இரண்டு பேரும் அப்படித்தானே போனார்கள்? "நான் பல்லை நூல் கட்டிப் பிடுங்கினதாலதான் புள்ள போயிட்டான்" என்று தம்பிக்காகப் பதினாறு வருடமாக அழுகிறீர்களே அப்பா, அது உங்கள் தப்பே இல்லை. அம்மாவின் தப்பும் இல்லை.

அம்மாவிடமிருந்து என்னிடமும் வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். உங்கள் பழைய மப்ளரை அனுப்புங்கள், இங்கே வாங்கியது உறுத்துகிறது.

உங்கள் போன் கிடைக்கவில்லை. ஊருக்கு வரும் நர்ஸ் அக்காவிடம் இதைக் கொடுக்கிறேன், வண்டி வந்துவிட்டது. தங்கச்சி மகனுக்குப் பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அதுவரை மாப்பிள்ளையை நூலைத் தொடவிடாதீர்கள்.

உங்கள் மூத்தவள்