காலடிக்கு வராத நிழல்

ஸ்ரீவைகுண்டம்
21.4.1996

அன்பு மகள் டார்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அப்பாவும் சுகம், என் வாயும் சுகமாகத்தான் இருக்கிறது, அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். ஜெர்மன் குளிரில் உன் இருமல் விட்டதா.

மாசி மாசம் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில், பனியில் நின்று எடுத்த உன் படம் போன வாரம் கிடைத்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி என்று பின்னால் எழுதியிருக்கிறாய், நிழலோ இரண்டு ஆள் நீளம் கிடக்கிறது. பீற்றிக்கொள்ள வாழைக் களைக்குப் போகும்போது எடுத்துப் போனேன். பக்கத்து வரிசை இசக்கியம்மா பார்த்துவிட்டு, யக்கா, நிழல் காலடிக்கு வந்தாத்தான நாம கஞ்சிக்குக் கரையேறுவோம், உம் மவளுக்கு அது வரவே வராது போலுக்கே, பிள்ளை எப்பம் சாப்பிடும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீ எழுதினதை வைத்து விளக்கினேன். அங்கே சூரியன் சாய்ந்து வருது, ஒரு வயல் தண்ணியை ரெண்டு வயலுக்குத் திருப்பின மாதிரி சூடு பரந்து போயிருது, இங்கே நட்டுக்க நின்னு நம்ம மண்டையில கொட்டுது என்றேன்.

பண்ணைக் காரியஸ்தர் பூதலிங்கம் குடைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உம் மக அங்கன கடிகாரம் பாத்துல்லா திங்கா, இனி உங்களுக்கும் ஒரு மணிக்குத்தான் கஞ்சி, கொஞ்சம் நாகரிகம் வரட்டும் என்றுவிட்டார். சித்திரை வெயில், கன்று முழங்கால் உயரம், ஒதுங்க ஓர் இலை இல்லை. மூன்றாம் நாள் இசக்கியம்மா களைக்கொத்தோடு குப்புற விழுந்தாள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றின பிறகுதான் கண் திறந்தாள். அந்த மனுசன் கடிகாரத்தைப் பார்த்து இன்னும் இருபது நிமிசம் கிடக்கு என்றார். அண்ணாச்சி, ஜெர்மனிக் கடிகாரம் வேணும்னா ஜெர்மனி வெயிலையும் கொண்டாரும், இல்லைன்னா குடையை மடக்கிட்டு ஒரு மணி வரைக்கும் இங்கன நில்லும் என்றேன். குடை மடங்கவில்லை. நாங்கள் எட்டுப் பேரும் கரையேறினோம். நாளைக்கு வராதீங்க என்றார், நம் தெருவில் ஒருத்தரும் போகவில்லை. அந்த வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா என்று என்னைத் திட்டின உன் அப்பாவே வீடு வீடாகப் போய் ஆம்பிளைகளைத் தடுத்தார்.

புதன்கிழமை பண்ணைக்குத் தண்ணீர் முறை, அதற்குள் களை எடுத்தாக வேண்டும். நேற்றுச் சாயங்காலம் பூதலிங்கம் வந்தார். நம் தெருவுக்குள் கால் வைத்தால் தேய்ந்துவிடுமே, முனையிலேயே சைக்கிளை நிறுத்தி, திங்கட்கிழமை வாங்க, பழையபடி நிழலைப் பாத்தே கரையேறுங்க என்று கத்தினார். இசக்கியம்மா காதுல விழல, இன்னொரு தரம் சொல்லும் என்றேன். சொன்னார்.

கர்த்தர் உன்னைக் காப்பார், நீ உடம்பைக் காத்துக்கொள். அடுத்த படத்தை வீட்டுக்குள் எடு. நீ மட்டும் நிழலை நம்பாதே, கடிகாரம் பார்த்து நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
பாக்கியவதி