சபையில் நான் சொன்ன சாட்சி

என் அன்புக்குரியவருக்கு,

கர்த்தர் அந்தக் கப்பலையும், அதன் எஞ்சின் அறையில் வேர்த்துக்கொண்டிருக்கும் உங்களையும் காக்கட்டும். இங்கே நானும் பிள்ளையும் உடம்புக்குச் சுகம். மனசுக்குத்தான் சுகமில்லை. நடுக்கடலில் போன் எடுக்காது என்பதால் இதைக் கம்பெனி ஆபீஸில் கொடுத்தனுப்புகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாலு இப்போது தட்டு நிறையச் சாப்பிடுகிறாள். குழந்தைகள் நலத் துறையிலிருந்து நம்மிடம் ஒப்படைத்த புதிதில் தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்து வைப்பாளே, அது நின்றுவிட்டது. நான் தனியாகச் சமாளிப்பேனா என்று கவலைப்பட்டீர்கள். சபையார் என்னைத் தனியாக விட்டால்தானே! செவ்வாயும் வியாழனும் தையல்கார அக்கா அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறார். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் பெண்கள் முறை வைத்துச் சமைத்து அனுப்பினார்கள். உப்புதான் நாளுக்கு ஒரு விதம். நம்மோடு வளர்ப்புப் பெற்றோர் பயிற்சிக்கு வந்த, சபையில் ஆர்கன் வாசிக்கும் டீச்சருக்கும் அவர் கணவருக்கும் துறையின் அனுமதி கிடைத்துவிட்டது.

இனி என் புத்திகெட்ட வேலை. போன மாதம் ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று பாஸ்டர் கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? எழுந்துவிட்டேன். வாலு நம்மிடம் வந்த கதை, அவளுடைய அப்பன் அடித்த அடி, எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நிஜப் பெயரைச் சொன்னேன். பிள்ளையையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னேன். சபையே அழுதது. பெயரையோ முகத்தையோ வெளியே காட்டக் கூடாது என்று பயிற்சியில் எத்தனை தடவை சொன்னார்கள்! சபை நம் வீடுதானே என்று இருந்துவிட்டேன். ஆராதனை முழுவதும் நெட்டில் வீடியோவாகப் போகிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

போன ஞாயிறு பின்வரிசையில் ஒரு புது ஆள் நின்றான். எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, அவன் பிள்ளைகளின் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாலு என் இடுப்பில் முகத்தைப் புதைத்தாள். அழவில்லை. என் பாதம் சூடாக நனைந்தது. குனிந்து பார்த்தால், பிள்ளை நின்றபடியே மூத்திரம் போயிருந்தாள். அவன் யாரென்று அப்போதுதான் புரிந்தது.

தையல்கார அக்கா எங்களைப் பின்கதவு வழியாக இழுத்துப் போனார். பாஸ்டர் அவனை வாசலில் நிறுத்திப் பேசினாராம். "எம் பொண்ணத்தானே பாக்க வந்தேன், அதுல என்ன தப்பு?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அன்றே வீடியோவை எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் சபை ஆண்கள் மாறி மாறி நம் வாசலில் உட்கார்ந்தார்கள். அப்படியும் கதவை யார் தட்டினாலும் ஜன்னல் வழியாகப் பார்க்காமல் நான் திறப்பதில்லை. நம் தெரு அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்றே தெரியவில்லை.

துறைக்குச் சொல்லாமல் மறைத்துவிடத்தான் நினைத்தேன். அடுத்த மாதம் தத்து விசாரணை. இந்த நேரத்தில் சொன்னால் பிள்ளை கைவிட்டுப் போய்விடாதா? பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உனக்கு பயம், பிள்ளை போயிடுமோன்னு. அவளுக்கு பயம், அவன் வந்துடுவானோன்னு. எதும்மா பெருசு?"

புதன்கிழமை துறை ஆபீஸுக்குப் போனோம். சபையின் மேலும் தப்பு உண்டு என்று பாஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரியம்மா திட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, தத்து விசாரணை முடியும்வரை பிள்ளை நம் வீட்டில் இருக்கக் கூடாது என்றார். காப்பகத்துக்கா என்று பாஸ்டரம்மா கேட்டார். டீச்சர் வீட்டுக்கு அனுமதி இருப்பதால் அங்கே விடலாமாம். ஸ்தோத்திரம், முன்பின் தெரியாத இடத்துக்குப் போகவில்லை. ஆனால் நான் போய்ப் பார்க்கக் கூடாது. என் பின்னாலேயே அவன் வந்துவிடுவான் என்கிறார்கள். திரும்ப எங்களிடம் வருவாளா என்று கேட்டேன். "இப்ப நான் எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

சனிக்கிழமை காலை கூட்டிப் போகிறார்கள். நம்மிடம் வருமுன் மூன்று வீடு மாறியவள். ஒவ்வொரு வீட்டிலும் "ரெண்டு நாளைக்குத்தான்" என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். நான் துணி மடித்து வைப்பதைப் பார்த்தவள் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. தன் செருப்பை எடுத்துவந்து பையின் பக்கத்தில் வைத்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பழகிப்போயிருக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை.

எப்படியாவது விடுப்பு வாங்கி விசாரணைக்கு வந்துவிடுங்கள். எனக்குத் தனியாக நிற்கத் தெம்பில்லை. நீங்கள் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்யலாம், அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன். கப்பல் கரை தொட்டதும் முதலில் அவளோடு பேசுங்கள், என்னோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம். திரும்பி வருவாய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நாமும் பொய் சொன்னவர்களாகிவிடுவோம். நீ வேண்டாம் என்று அம்மா உன்னை அனுப்பவில்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள். பை கட்டியது நான்தானே.

கர்த்தர் உங்களைச் சீக்கிரம் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா