வெடி நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவருக்கு

சேர்,

இன்று பகல் குவாரி வெடி முடிந்து வீட்டுக்கு வந்து, தலையில் போட்டிருந்த துண்டை உதறினேன். அந்த வாசனை எழுந்தது. கருகிய வெடிமருந்தும் கல்தூசும் மழை ஈரமும் கலந்த வாசனை. தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மீன்காரனின் ஹோர்ன் சத்தம் மாதிரி, வந்தால் வந்தது, போனால் போனது. எனக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. வெடிக்கு முன் குவாரியில் சங்கு ஊதியதிலிருந்து இந்த வாசனை வந்து சேரும்வரை நீங்கள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வந்த பிறகுதான் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி அக்கா, இண்டைக்கு முடிஞ்சுது" என்பீர்கள். இன்று அதைச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் முதன்முதலாக எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தபோது உங்களை ஒருவரும் நம்பவில்லை. கலகெதரப் பக்கமிருந்து ஏறி வரும் ரோட்டில் கம்பனி ஜீப் நின்றது. இறங்கியவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். கல்குவாரிக் கம்பனிக்கும் ஊர்ச் சனத்துக்கும் நடுவே பேசுவதற்காக வைத்திருக்கும் அதிகாரி என்று சொன்னார். கம்பனி பெயர் போட்ட புத்தகப் பைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை என்று உங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னேன். என் வாய் அப்படி.

"பேக்கு எதுக்கு சேர்? மலை வெடிக்கத் தொடங்கின நாள்ல இருந்து பீலியில தண்ணி சேறா வருது. மொதல்ல அதைப் பாருங்க."

நீங்கள் மலை ஊற்று விழும் பீலிக்கு நடந்து போய், தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். பைகள் வராமல் இருக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் குழாய்த் தண்ணீர் வந்தது. பெயர்ப்பலகையைத் திறக்க மேலிடத்தார் அவசரப்பட்டார்களாம். கடைசி வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வரும்வரை விழா கிடையாது என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்களாம். இதையெல்லாம் நாங்கள் பிறகுதான் கேள்விப்பட்டோம்.

அந்தக் கடைசி வீடு என்னுடையது. தொங்கல் வீடு. லயத்துக்குக் கடைசி, குவாரிக்கு முதல். சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து தரைவரை ஓடிய சுவர் வெடிப்பைக் காட்டியபோது நீங்களும் கம்பனிக்காரர் பேச்சைத்தான் பேசினீர்கள்.

"அது பழைய வெடிப்பு, அக்கா. மருந்து வெடிச்சு வந்ததில்லை."

என்னைவிட மூத்தவர் நீங்கள். ஆனாலும் கடைசிவரை என்னை அக்கா என்றே கூப்பிட்டீர்கள். அன்று அந்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்படின்னா இன்னைக்கு வெடி முடியிற வரைக்கும் இங்கனயே உக்காருங்க. டீ போடுறேன்."

உட்கார்ந்தீர்கள். சங்கு ஊதியது. நிலம் ஒருமுறை குலுங்கியது, கூரைத் தகரம் சடசடத்தது, சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் கதிரையில் ஆளில்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் குந்தியிருந்தீர்கள். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்திருந்தீர்கள். வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் ஊரில் நீங்கள் என்னென்ன சத்தங்களுக்குள் வாழ்ந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெரிய மனிதரின் முதுகு அப்படி நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன், எனக்கும் பயமாக இருந்தது. எழுந்து காற்சட்டையைத் தட்டிவிட்டு, "பழக்கம், அக்கா" என்று மட்டும் சொன்னீர்கள்.

இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வெடிக்கு, சங்குக்கு முன்பே வந்து நின்றீர்கள். அதற்கடுத்த வெடிக்கும் வந்தீர்கள். கதிரையில் உட்காருவீர்கள், குவாரிக்கு ஃபோன் எடுப்பீர்கள், "நான் தொங்கல் வீட்டில இருக்கிறன்" என்பீர்கள், பிறகு கண்ணை மூடிக்கொள்வீர்கள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"இவ்வளவு பயந்துகிட்டு ஏன் சேர் வாறீங்க?"

"நான் இஞ்ச இருக்கிறன் எண்டு தெரிஞ்சால் அவங்கள் மருந்தை அளவோட வைப்பாங்கள், அக்கா. கம்பனிக்காரன் ஒருத்தன் உள்ள இருக்கிறானே."

உண்மைதான். நீங்கள் வரத் தொடங்கிய பிறகு சுவரில் காரை உதிர்வது குறைந்தது.

அதன் பிறகுதான் வெடி நேரத்தைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வந்தது. பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் அவர்களுடைய குழந்தைகளை என் வீட்டுக்கு அடுத்திருக்கும் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லோரும் மலையில் இருக்கும் காலை நேரம்தான் வெடிக்கு நல்லது என்று கம்பனி கணக்குப் போட்டிருந்தது. மலையில் நின்று சங்கைக் கேட்கும் தாயின் கை கொழுந்தில் இருக்காது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெண்கள் கொழுந்து நிறுக்க இறங்கி, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் பகல் நேரத்துக்கு மாற்றித் தரச் சொன்னோம். நீங்கள் போய்ச் சண்டை பிடித்தீர்கள், மாறியது. கம்பனி எங்களுக்குச் செய்தவற்றில் அதுதான் பெரிது என்று பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு ஒரு மூட்டை சீமெந்துகூடத் தேவைப்படவில்லை.

நாளாக ஆகப் பயம் தெளிந்து சிலர் வெடி நேரத்தில் துணி காயப்போடக்கூடத் தொடங்கினார்கள். அப்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நீங்கள் பயப்பிடுறதை விட்டால், நாங்கள் கவனிக்கிறதை விட்டிடுவம்."

லீவில் ஊருக்குப் போன நீங்கள் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று ஃபோனில் செய்தி வந்தது. அவ்வளவு தூரம் வர என்னால் முடியவில்லை. அன்றும் சங்கு ஊதியது, அன்றும் வெடித்தது. காலியாகக் கிடந்த கதிரையைப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்களே என்று கோபமாக அழுதேன்.

உங்கள் இடத்துக்குக் கண்டியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை, மரியாதையாகப் பேசுவார். வெடி நேரத்தை வட்ஸ்அப்பில் போடுவார், வர மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாக நேரம் நழுவி, சில நாட்களில் மறுபடியும் காலையிலேயே வெடித்தது. பிறகு மலையின் கீழ்ப்பக்கத்தையும் கல்லுடைக்கத் திறந்தார்கள். குவாரி எங்களை நோக்கி இறங்கி வருவது போல எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் அந்த நல்ல செய்தி வந்தது. கம்பனி புதுப் பிள்ளைக் காம்பரா கட்டித் தரப் போகிறது. படம் காட்டினார்கள். வண்ணச் சுவர், சறுக்கு, குழந்தைகள் உயரத்துக்குக் கைகழுவும் இடம். ஒழுகும் தகரத்துக்குக் கீழே வாளி வைத்துச் சலித்த எனக்குக் கண் கலங்கியது. எந்த இடத்தில் என்று கேட்டேன். கீழ்ப்பக்கக் குவாரிக்கு நேர் கீழே உள்ள கம்பனிக் காணியைக் காட்டினார் அதிகாரி. சமதரை, விளையாட வசதி என்றார். நான் போய்ப் பார்த்தேன். புல்லுக்குள் அங்கங்கே கைப்பிடி அளவு கற்கள் கிடந்தன. உடைந்த முனை வெள்ளையாக, புதிதாக இருந்தது. வெடியில் பறந்து வந்த கற்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குழந்தையின் தலையைத் தடவும்போதும் அந்தக் கல் ஞாபகம் வந்தது. பெண்களிடம் சொன்னேன். "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதக்கா. எத்தன வருசமாக் கேட்டு இப்பத்தான் கெடைக்குது. வேணாம்னு போயிட்டா?" என்றார்கள். அந்தப் பயமும் எனக்கு இருந்தது.

அடிக்கல் நாட்ட நாள் குறிக்கும் கூட்டத்துக்குக் குவாரி மெனேஜரும் வந்திருந்தார். சிங்களவர், சிரித்த முகம். நான் எழுந்து நின்று சொன்னேன்.

"அடிக்கல் வைக்கிறதுக்கு முன்னுக்கு, ஒரே ஒரு வெடிக்கு நாம அங்கன போயி உக்காந்து பாப்போம்."

கூட்டம் சிரித்தது. அதிகாரி மொழிபெயர்த்துச் சொன்னதும் மெனேஜரும் சிரித்தார், வருகிறேன் என்றார்.

சொன்னபடியே வந்தார். புல்லில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு அவரும் அதிகாரியும் நானும் உட்கார்ந்தோம். மற்றவர்கள் தூரத்தில் மேட்டில் நின்றார்கள். சங்கு ஊதியது. பிள்ளையாரப்பா என்று சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். வெடி, யாரோ தூரத்தில் கதவைச் சாத்தியது போல அடங்கிக் கேட்டது. தூசி எழும்பி அங்கேயே அமர்ந்தது. ஒரு பொடிக்கல்கூட வரவில்லை. "பயம் வேணாம்," என்று மெனேஜர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். மேட்டிலிருந்து கைதட்டினார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போதுதான் சேர், நீங்கள் சொன்ன காரணம் எனக்கு உறைத்தது. எழுந்திருக்கப் போன மெனேஜரை நிறுத்தினேன்.

"ஐயா இங்க உக்காந்திருக்கீங்கன்னு வெடி வைக்கிறவங்களுக்குத் தெரியும். புள்ளைங்க உக்காந்திருக்கிற அன்னைக்கு அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

மொழிபெயர்க்க அதிகாரி தயங்கினார். அவள் என்ன சொன்னாள் என்று மெனேஜர் சிங்களத்தில் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு அதிகாரி சொன்னார். மெனேஜர் முகத்தில் சிரிப்பு நின்றது. குவாரியை நிமிர்ந்து பார்த்தார், காலடிப் புல்லைப் பார்த்தார். இங்கே எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று கேட்டார். அந்தச் சிங்களம் எனக்குத் தெரியும். நானே பதில் சொன்னேன்.

யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தால் புதுக் காம்பராவுக்கு நட்டிருந்த அளவு முளைகளைப் பிடுங்கி, மேட்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டோரக் காணியில் அடித்திருந்தார்கள். இப்போது அங்கே சுவர் எழும்புகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஏறுவது யார் என்று பெண்கள் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் வீடுகளை முளை பிடுங்கி நகர்த்த முடியாதே. கீழ்ப்பக்கம் திறந்ததிலிருந்து குவாரிக்கு மிக அருகிலுள்ள வீடு புஷ்பாவுடையது. பிள்ளை பெற்று வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அன்றைக்குப் பிறகு அதிகாரி வெடி நேரத்துக்கு அங்கே ஒருநாள் வருகிறார், மறுநாள் வேலை என்கிறார். அவர் வராத நாட்களில் நான் போய் உட்காருகிறேன். குவாரிக்கு ஃபோன் எடுத்து, புஷ்பா வீட்டில் இருக்கிறேன் என்று சொல்கிறேன். என் பெயரைக் கேட்டு மருந்தைக் குறைப்பார்களா என்று தெரியாது. ஆனாலும் சொல்கிறேன்.

இன்றும் போனேன். சங்கு ஊதியதும் புஷ்பா குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். என் கை அவள் கையைவிடச் சில்லிட்டிருந்தது.

"ஒங்களுக்கும் பயமாத்தானேக்கா இருக்கு?"

"பயமாத்தான்டி இருக்கு. அதான் வந்தேன்."