மியூட் போடாத ஜெபம்

கர்த்தருக்கு அடுத்தபடியாகப் பிரியமானவருக்கு,

நான் நலம். கால் சென்டரில் ஓர் அழைப்பை நான்கு நிமிடத்தில் முடிக்காதவர்கள் பட்டியலில் இந்த மாதமும் என் பெயர்தான் முதலில். அதை விடுங்கள்.

இன்று இன்டர்நெட் வரவில்லை என்று ஓர் அம்மா பிடித்த பிடியில் நின்றார். மியூட் போட்டதாக நினைத்து, "ஆண்டவரே, இந்தம்மா சீக்கிரம் ஃபோனை வைக்கணும்" என்று ஜெபித்துவிட்டேன்.

"ஆமென்" என்றது மறுமுனை. "உனக்கு அங்க நெருக்கடி போலிருக்கு. நீ வைம்மா, நான் அப்புறம் பேசுறேன்."

கூனிக் குறுகிப்போனேன். வைக்கவில்லை. இருபது நிமிடம் ஆனாலும் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் விட்டேன்.

ரெக்கார்டிங்கைக் கேட்ட சூப்பர்வைசர் நாளைக் காலை அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் கவலைப்படாமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஜெபத்தை மட்டும் மாற்றிவிட்டேன்: "ஆண்டவரே, பேசுறவங்க மேல எனக்குப் பிரியம் வரணும்." இதற்கு மியூட் தேவையில்லை.

உங்கள்
ஓட்டைவாய்