உங்கள் கையில் ஓடிய மோட்டார்

மாமா,

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பழையதாகிவிட்டது. ஓடும்போது சமையலறைத் தரையே லேசாக அதிர்கிறது. நேற்று மாலை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, தம்பி அதன் பக்கவாட்டில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தான். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. "எப்பப் பாத்தாலும் இன்னாடா அத்த கட்டிக்கினு நிக்கிற?" என்று அம்மா அதட்டினாள். அவன் நகரவில்லை. சற்று நேரத்தில் ஃபிரிட்ஜ் தானாக ஓய்ந்ததும், வேலை முடிந்தவனைப்போல விளையாடப் போய்விட்டான்.

அவன் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறான். உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டயாலிசிஸ் செய்வதற்காக உங்கள் இடது முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்திருக்கும். கை வைத்தால் உள்ளே எப்போதும் ஒரு 'விர்ர்' என்ற அதிர்வு தெரியும். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, எதுவும் அழுத்தக் கூடாது, பிரஷர்கூட அதில் பார்க்கக் கூடாது. அதிர்வு நின்றால் உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். பிறகு அந்தக் கையில் டயாலிசிஸ் செய்ய முடியாது. இவ்வளவையும் நான் உங்கள் மருத்துவமனைப் புத்தகத்தில் படித்துவிட்டுப் பயந்துபோய்க் கேட்டபோது நீங்கள் கையை நீட்டினீர்கள். உத்திரமேரூர் கடைத்தெருவில் போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர் வேறு எப்படிச் சொல்வார்? "உள்ள சின்னதா ஒரு மோட்டார் ஓடுது கண்ணு. ஓடுற வரைக்கும் கவல இல்ல."

தம்பிக்குத் தவழ ஆரம்பித்ததிலிருந்தே அந்தக் கைதான் பிடிக்கும். மெதுவாக வந்து அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவான். அம்மா பதறிக்கொண்டு அவனைத் தூக்குவாள்.

அவன் எட்டாம் மாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது, திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டும் தாய்மாமன் மடியில் நடக்க வேண்டும். ஆனால் அதற்குள் உங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் இடையில்தான் இரண்டு நாள் கிடைக்கும். ரயிலில் போய்த் திரும்பும்போது தாமதமானால் திங்கட்கிழமை தவறிவிடும். அது தவறினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா அப்பாவிடம் போனில் வேறு ஒரு யோசனை சொன்னார். மானாம்பதியில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறாரே, அவரும் மாமன் முறைதானே, உடம்பு சரியில்லாதவர் மடியில் எதற்குக் குழந்தையை உட்கார வைக்க வேண்டும் என்று. அப்பா அதை உங்களிடம் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். நான் பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தேன். நீங்கள் கோபப்படவில்லை.

"மடி நல்லாத்தான் கீது மாமா," என்றீர்கள் அப்பாவிடம். "ரிப்பேரு கிட்னியிலதான்."

அப்பா சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சனிக்கிழமை காலை தூத்துக்குடிக்கு விமானத்தில் போய், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவது என்று ஏற்பாடாயிற்று. இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாம், பெரியவர்கள் மடியிலேயே உட்காரலாம் என்று தெரிந்ததும், "வானத்துலயும் மடி, தரையிலயும் மடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

நம் வீட்டில் அதற்கு முன்பு யாரும் விமானத்தில் போனதில்லை. தண்ணீராக எது இருந்தாலும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் தம்பியின் பால் புட்டி, வெந்நீர் ஃபிளாஸ்க், மருந்து எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் அடைத்துப் பூட்டிவிட்டார். அது விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும், இறங்கிய பிறகுதான் கைக்கு வரும் என்பது பெட்டி நகர்ந்து மறைந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. நீங்கள் மட்டும் உங்கள் சின்ன பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தீர்கள். மார்க்கரால் கோடு போட்ட பாட்டில். ஒரு நாள் முழுவதும் நீங்கள் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன தண்ணீர் அந்தக் கோடு வரைக்கும்தான். அதை யாரும் பிடுங்கவில்லை. தம்பியின் வெள்ளி அரைஞாண்தான் சோதனைக் கருவியைக் கூவென்று கத்த வைத்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சோதனை செய்த பெண் காவலர் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்து, வயிற்றில் ஒரு தட்டு தட்டி அனுப்பிவிட்டார்.

அது சின்ன விமானம். இறக்கைகள் மேலே இருந்தன; ஜன்னலுக்கு வெளியே பெரிய காற்றாடி சுற்றுவது தெரிந்தது. உங்களுக்கு அது போதும். உள்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, நடைபாதைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் குனிந்து, "பேரிங்கு நல்லா கீது, தைரியமா தூங்கு" என்றீர்கள்.

மேலே போகும்வரை தம்பி காற்றாடியையே வேடிக்கை பார்த்தான். கீழே இறங்க ஆரம்பித்தபோதுதான் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்படி ஓர் அழுகையை நாங்கள் கேட்டதில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தாய்ப்பால் கொடுத்துப் பார்த்தாள். அவன் வாயை வைக்கவில்லை. எனக்கு அறிவியல் புத்தகம் நினைவுக்கு வந்தது. வெளியே காற்றழுத்தம் மாறுகிறது, எதையாவது விழுங்கினால் காதுக்குள் இருக்கும் குழாய் திறந்து வலி குறையும் என்று சொன்னேன். புட்டி பெட்டியில், பெட்டி விமானத்தின் வயிற்றில். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நீங்கள் குழந்தையைக் கேட்டு வாங்கினீர்கள். பணிப்பெண் வந்து சின்ன பெல்ட்டை உங்கள் பெல்ட்டோடு மாட்டினார். பாட்டில் மூடியில் தண்ணீரை ஊற்றி ஊற்றி அவன் வாயில் வைத்தீர்கள். முதல் மூடியைத் துப்பினான். அடுத்ததை விழுங்கினான். பிறகு அவனே மூடிக்கு வாயைத் திறந்தான். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கி, பாட்டிலின் அடிக்கு வந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். அம்மா பக்கம் கண்ணைக் காட்டி, சொல்லாதே என்று தலையசைத்தீர்கள். சக்கரம் தரையைத் தொட்டபோது அவன் உங்கள் இடது கையில் காதை வைத்து விக்கிக்கொண்டிருந்தான்.

திருச்செந்தூரில் நல்ல வெயில். வழியெல்லாம் பதநீர், நுங்கு, இளநீர். எதுவும் உங்களுக்கு ஆகாது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "துப்புறதுக்கு அளவு கெடையாது" என்றீர்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நீங்கள் தண்ணீர் கேட்கவும் இல்லை, நான் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மொட்டை எப்படியோ முடிந்துவிட்டது. காது குத்தும்போதுதான் பிரச்சினை. கத்தியைப் பார்த்துப் பயந்திருந்த தம்பி, காலை உதைத்துக்கொண்டு புரண்டான். காது குத்துகிற ஆசாரி, "கைய நல்லா இறுக்கிப் பிடிங்க அண்ணாச்சி, ஆடுச்சுன்னா ஊசி தப்பிரும்" என்றார். உங்களால் ஒரு கையால்தான் இறுக்க முடியும். இடது கையில் அவன் உதை பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பா குழந்தையை வாங்கக் கை நீட்டினார். மானாம்பதி மாமாவின் பெயரை அப்போது யாரும் எடுக்கவில்லை. ஆனால் எல்லோர் நினைவிலும் அவர் வந்திருப்பார்.

நீங்கள் குழந்தையைக் கொடுக்கவில்லை. அவனை மெல்லச் சாய்த்து, சந்தனம் பூசிய தலையை உங்கள் இடது முன்கைமேல் வைத்தீர்கள்.

"டேய், அந்தக் கையில வாணாம்டா," என்றாள் அம்மா.

"இன்னாக்கா நீ. மொட்ட தல. முடி வெயிட்டுகூட கெடையாது."

அவன் காது உங்கள் கையில் பதிந்தது. உதைப்பது நின்றது. கண் மட்டும் எங்கோ பார்த்தது, அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆசாரி மேலே இருந்த காதில் குத்தினார். ஒரு முறை வீரிட்டுவிட்டு, மறுபடியும் கேட்க ஆரம்பித்தான். நீங்கள் அவனைத் திருப்பிப் படுக்க வைத்தீர்கள். இன்னொரு காதும் ஆயிற்று.

கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கையை நீட்டினீர்கள். புடைப்பின்மேல் சந்தனம் ஒட்டியிருந்தது.

"ஓடுதா பாரு கண்ணு."

உங்கள் குரலில் விளையாட்டு இல்லை. நான் இரண்டு விரலை வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சந்தனத்தின் ஈரம்தான் விரலில் பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வைத்தேன்.

"ஓடுது மாமா."

நீங்கள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை சரியான நேரத்துக்கு டயாலிசிஸுக்குப் போய்விட்டீர்கள். எடை பார்த்த சிஸ்டர், இந்த முறைதான் உடம்பில் தண்ணீர் ஏறாமல் வந்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாராம். "என் பங்க அக்கா புள்ள குடிச்சிட்டான் சிஸ்டர்" என்று நீங்கள் சொல்லிவிட்டு வந்து, அதை எங்களிடம் நடித்துக் காட்டினீர்கள். அப்போதுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். கை கடைசிவரை நன்றாக இருந்தது, இதயம்தான் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் எல்லோரும் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் இடது கையைத் தொட்டேன். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

மூன்று வயதுக்கு முன்பு நடந்தது பெரும்பாலும் மனதில் தங்காது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். உண்மையாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் போட்டோவைக் காட்டினால் தம்பி நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி "மாமா" என்கிறான்; எங்கள் தெருவில் எல்லா ஆண்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறான். விமானம் அவனுக்கு நினைவில்லை. தண்ணீர் நினைவில்லை. காதில் கடுக்கன் எப்படி வந்தது என்றும் தெரியாது. ஆனால் ஓடுகிற ஃபிரிட்ஜைக் கண்டால் காதை வைக்கிறான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது, அதட்டுகிற அம்மாவுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரியும். அவன் கேட்கிற வயது வரும்வரை இதை நான் வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபிரிட்ஜ் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அவன் போய் நின்றான். நானும் போய் அவனுக்கு எதிர்ப்பக்கம் காதை வைத்தேன்.

"ஓடுதா பாருடா," என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னான், "ஓடுதுக்கா."